மூடின றோட்டும் மூன்று சில்லும்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜோன் தலோன் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. ஓட்டினவருக்கு எழுபது வயதிருக்கும். பின்னால் அவருடைய மனைவி, இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் ஹெல்மெட். எஞ்சின் சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் கனமாக இருந்தது.

என்னுடன் வந்த நண்பர் ஊரில் மினிவான் ஓடினவர். கண்ணாடியை இறக்கி வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உதென்ன மச்சான், ஓட்டோவைப் பின்பக்கமாத் திருப்பி விட்டிருக்கிறாங்கள்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் அவர் பகிடியாகச் சொன்னது ஒரு நல்ல கேள்வி. ஓட்டோவில் ஒரு சில்லு முன்னுக்கு இருக்கிறது, இதில் ஏன் இரண்டு? விளக்குப் பச்சையாவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அந்த வண்டியின் கதை மொன்றியலில் இருந்து கிழக்கே ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊரில், 100 வருடத்துக்கு முந்தி, பனியில் தொடங்குகிறது. அதை நினைக்க நினைக்க எனக்கு எங்கட ஊர் ஒழுங்கையும் சித்தப்பாவின் ஹொண்டா 90 உம் ஞாபகத்துக்கு வரும். இரண்டையும் சேர்த்து ஒருக்கால் எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக யோசனை.

* * *

முதலில் வண்டி. அதன் பெயர் கான்-ஆம் ஸ்பைடர். செய்தவர்கள் கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்ற ஊரைத் தலைமையகமாகக் கொண்ட பி.ஆர்.பி. நிறுவனத்தார். இதில் பல வகை உண்டு. அதிலொன்றை 2013 இல் 'ஸ்போர்ட்-ரூரிங்' என்று சொல்லியே விற்றார்கள்.

ஸ்போர்ட்-ரூரிங் என்றால் என்ன? மோட்டார் சைக்கிள் உலகத்தில் இரண்டு துருவம் இருக்கிறது. வேகத்துக்காகச் செய்த பைக்கில் முன்னுக்குக் குனிந்து படுக்கவேண்டும், ஒரு மணித்தியாலத்தில் நாரி விட்டுப்போகும். தூரப்பயணத்துக்குச் செய்த பைக் சாய்மனைக் கதிரை மாதிரி, ஆனால் வளைவுகளில் எருமை மாடு திரும்புவது போலத் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஸ்போர்ட்-ரூரிங். காற்றைத் தடுக்கிற முன்கவசம், பக்கத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகள், பெரிய பெற்றோல் தாங்கி, பின்னால் ஒருவர் இருந்தாலும் அசையாத ஸ்பிரிங், எண்ணெய் போட்டுப் போட்டுச் சாகவேண்டிய சங்கிலிக்குப் பதிலாகத் தண்டு அல்லது பட்டி. அதோடு நல்ல இழுவை. 1976 இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் இந்த வகைக்கு வழிகாட்டி என்று சொல்வார்கள். அதன் முன்கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரிசோதித்து வடிவமைத்தார்கள். 1990 இல் ஹொண்டா எஸ்.ரி.1100 வந்தது. நாலு சிலிண்டர், தண்டு இழுவை, 28 லீற்றர் தாங்கி.

எங்கட ஊரிலும் ரூரிங் இருந்ததுதான். ஹொண்டா 50 இல் அப்பா, முன்னுக்கு மூத்தது, நடுவில் சின்னது, பின்னுக்குப் பக்கம்பார்த்தபடி அம்மா, மடியில் அர்ச்சனைத் தட்டு. செல்வச்சந்நிதிக்குப் போய் வருவார்கள். 49 கன சென்ரிமீற்றர்! ஹொண்டா அந்தச் சின்ன எஞ்சினை 1958 இல் ஜப்பானில் வெளியிட்டது. கையால் பிடிக்கிற கிளச் இல்லை, காலை மறைக்க ஒரு பிளாஸ்ரிக் கவசம். 2017 இல் அந்த வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. மனிதர் செய்த மோட்டார் வாகனங்களில் அவ்வளவு தொகை செய்யப்பட்டது வேறொன்றும் இல்லை. அந்தக் கால்கவசத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெரிய பைக்குகளின் முன்கவசத்துக்கு அது ஏழைப் பெரியப்பா என்று நினைத்துக்கொள்வேன்.

* * *

இனி நண்பரின் ஓட்டோக் கேள்விக்கு வருவோம்.

ஓட்டோவை வேகமாகத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள். (உண்மையாகப் பிடிக்கவேண்டாம், மனதுக்குள் பிடித்தால் போதும்.) பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் போகும். திருப்பினால் பாரம் வெளிப்பக்கம் போகும். இரண்டும் சேர்ந்தால் முன்பக்க வெளிமூலைக்குப் போகும். அந்த மூலையில் ஓட்டோவுக்குச் சில்லு இல்லை. அதனால்தான் அது கவிழுகிறது. சில்லு இரண்டையும் முன்னுக்கு வைத்தால், பாரம் போகிற மூலையில் தாங்குவதற்கு ஒரு சில்லு நிற்கும். மனிதர் பயந்தால் பிடிப்பது பிரேக்கைத்தான். ஆகவே பயந்த நேரத்தில் காப்பாற்றுகிற வடிவம் இது.

அப்படியென்றால் இதில் குறையே இல்லையா? இருக்கிறது. வளைவில் முறுக்கிக்கொண்டு வேகம் கூட்டினால் பாரம் பின்னுக்குப் போகும். பின்னுக்கு ஒன்றுதானே. அந்த இடத்தில் உள்பக்க முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பப் பார்க்கும். இதற்குத்தான் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு மின்னணுக் காவல்காரனைச் செய்து உள்ளே வைத்தார்கள். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சுழலுகிறது, கைபிடி எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஒவ்வொரு சில்லும் என்ன வேகம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்குப் பிழைத்தால் எஞ்சினின் வலுவைக் குறைக்கும், தேவையான சில்லை மட்டும் தனியாகப் பிரேக் பிடிக்கும். ஓட்டுகிறவருக்குச் சில நேரம் தெரியவே தெரியாது.

பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் இதை ஓடிப் பார்த்தால் முதல் பத்து நிமிடம் குழம்புவார்கள். இரண்டு சில்லு பைக்கில் வலப்பக்கம் திரும்ப முதலில் வலக் கைபிடியைத் தள்ளிச் சாய்க்கவேண்டும். இது சாயாது. எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் போகும், கார் மாதிரி. ஆனால் காரில் இருப்பது போலப் பக்கத்தில் கதவு இல்லை. வளைவில் உடம்பு வெளியே தள்ளுப்படும், நாங்கள்தான் உள்ளுக்குச் சாய்ந்து பிடித்திருக்கவேண்டும். கைப்பிரேக் லீவர் கிடையாது. வலது காலால் மிதித்தால் மூன்று சில்லும் சேர்ந்து பிடிக்கும். பின்னுக்குப் போக ஒரு கியர் உண்டு. எஞ்சின் நடுவில் இருப்பதால் மூக்குக்குள் 44 லீற்றர் பெட்டி. கார் பொனட்டைத் திறப்பது போலத் திறந்து சாமான் வைக்கலாம். சாயாத வண்டி என்பதால் ரயரும் கார் ரயர் மாதிரித் தட்டை.

மொன்றியல்காரருக்கு ஒரு விசேட துன்பமும் இதில் இருக்கிறது. எங்கட றோட்டுக் குழிகள் உலகப் பிரசித்தம். இரண்டு சில்லு பைக் ஒரே கோட்டில் போகும், குழியை விலத்தலாம். இது மூன்று கோட்டில் போகிறது. முன்சில்லு இரண்டுக்கும் நடுவில் குழியை விட்டால் பின்சில்லு நேரே அதற்குள் விழும்.

* * *

சரி, இந்த வடிவம் யாருடைய மூளையில் உதித்தது? பனிக்காலத்தில் இந்த மாகாணத்தின் காடுகளில் ஓடுகிற ஸ்கி-டூ பனிவண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ஒரு றப்பர்ப் பட்டி. சறுக்குக் கட்டைக்குப் பதில் சில்லையும், பட்டிக்குப் பதில் ஒற்றைச் சில்லையும் போடுங்கள். ஸ்பைடர் வந்துவிடும்! முன்சில்லைத் தாங்குகிற இரட்டைக் கைகள்கூடப் பனிவண்டிகளில் பழகின வேலைதான். ஓட்டோவைத் திருப்பியதில்லை மச்சான், பனிவண்டிக்குச் சில்லுப் பூட்டியது.

அந்தப் பனிவண்டியின் தகப்பன் ஜோசப்-ஆர்மோன் பொம்பார்டியே. 1907 இல் வல்கூரில் பிறந்தவர். 1922 கடைசியில், 15 வயதில், தகப்பன் கொடுத்த பழைய போர்ட் எஞ்சினைச் சறுக்குவண்டியில் பூட்டி, பின்னால் விமானத்தின் விசிறி போல ஒன்றை வைத்துத் தம்பியுடன் ஊருக்குள் ஓடிக் காட்டினார். சனம் பயந்து, தகப்பன் அதைக் கழற்றச் சொன்னாராம். 1926 இல், 19 வயதில், சொந்தக் கராஜ் திறந்தார். அந்தக் கராஜ் இன்றும் வல்கூரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தடித்த வாங்கு, தொங்குகிற ஆயுதங்கள், சிறிய கண்ணாடி யன்னல்கள். ஊரில் நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கராஜுக்குள் நிற்பது போலவே இருந்தது. எண்ணெய் மணம்தான் இல்லை.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் மாரியில் றோட்டுக் கிடையாது. பனி மூடினால் கார்களைக் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரைச் சறுக்குவண்டியில் போவார்கள். ஆர்மோனுக்கும் மாரியில் கராஜில் வேலை குறைவு. அந்த மாதங்களில்தான் பனியில் ஓடுகிற வண்டிக்காக முயன்று கொண்டிருந்தார்.

1934 ஜனவரி. அவருடைய இரண்டு வயது மகன் யுவோனுக்கு வயிற்றுக்குள் குடல்வால் வெடித்து அழற்சி. ஆஸ்பத்திரி ஷெர்புறூக்கில், கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். றோட்டை மூடிப் பனி. பிள்ளை இறந்துபோனது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர், 'மகன் இறந்தான், அதனால் தகப்பன் பனிவண்டியைக் கண்டுபிடித்தார்' என்று முடிப்பார்கள். அது முழு உண்மை இல்லை. அவர் 15 வயதிலிருந்தே அந்த வண்டியின் பின்னால்தான் திரிந்தார். பிள்ளை இறந்தபோது பனியில் ஓடுவது எப்படி என்று இந்த மாகாணத்தில் அவரைவிட அதிகம் யோசித்தவர் இருந்திருக்கமாட்டார். அப்படியிருந்தும் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அந்தக் கதையில் நெஞ்சைப் பிடிக்கிற இடம் அதுதான்.

* * *

இந்த இடத்தில் ஊருக்குப் போய்வரவேண்டும்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின கையோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஆனையிறவுப் பாதை மூடுண்டது. பிறகு கிளாலிக் கடலேரியால் இரவில் வள்ளத்தில் போய்வந்த சனம் எத்தனை என்பதும், எத்தனை பேர் போய்ச் சேரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பெற்றோல் இல்லாத ஊரில் எஞ்சின்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. மண்ணெண்ணெயும் லேசில் கிடைக்காது. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி போட்டுச் சிக்கனமாக எரிப்போம். ஆனாலும் கூப்பன், கறுப்புச் சந்தை என்று ஏதோ ஒரு வழியில் வந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளித்துளியாகவே நிற்கும், பற்றாது. எஞ்சின் சூடாகிவிட்டால் ஓடும். அதுவும் அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களில்தான் நன்றாக ஓடும். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அந்தக் காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அதனால்தான்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு தாங்கி ஏற்பாடு. பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். ஒரு சின்னப் போத்தலில், சில பேர் சேலைன் போத்தலில், கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து ஒரு ரியூப். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வீடு வந்து சேர முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கிற மாதிரி ஓவ் பண்ணவேண்டும். மறந்தால் அடுத்த நாள் காலை உதைத்து உதைத்துக் கால் வீங்கும். பெற்றோல் போத்தலும் இல்லாதவர்கள் மை நிரப்பியால் நாலு சொட்டு விடுவார்கள். பிளக்கில் கரி கட்டும். கழற்றித் தேய்த்துப் பூட்டவேண்டும். எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி ஒயில் தண்ணியாகும். பின்னால் வெள்ளைப் புகை. அந்த மணம் இப்பவும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பு அலுவலகத்திலும் பதியப்படாத பொறியியல். யார் முதலில் செய்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

சித்தப்பாவிடம் ஒரு ஹொண்டா 90 இருந்தது. ஒழுங்கையில் இருந்த ஒரேயொரு மோட்டார் சைக்கிள். அவரிடம் மூன்று விரற்கடை பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலில், சாமியறையில், 'அவசரத்துக்கு' என்று இருக்கும். தொடக்கூடாது. 1991 மாரியில் ஒரு நடுச்சாமம், நாலு வீடு தள்ளி இருந்த மேசன் வேலை செய்கிற அண்ணை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து படலையைத் தட்டினார். ஒன்றரை வயதுப் பிள்ளை. வயிற்றாலடியும் வாந்தியும் இரண்டு நாள். கண் உள்ளுக்குப் போயிருந்தது.

சித்தப்பா சாமியறைக்குள் போய்ப் போத்தலை எடுத்தார். அதற்குள் ஒன்றும் இல்லை. ஒருவரும் எடுக்கவில்லை, மூடி சரியாக இறுகாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாய்ப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி விளக்கில் சூடாக்கினார். உதைத்தார். நானும் இன்னும் இரண்டு பெடியளும் ஒழுங்கையில் தள்ளினோம். ஒருக்கால் 'பக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அரை மணித்தியாலம் அப்படிப் போனது. கடைசியில் சைக்கிளில்தான் போனார்கள். தகப்பன் உழக்க, தாய் பாரில் பிள்ளையோடு, மழைக்குள்.

விடிய முதல் திரும்பி வந்தார்கள். பிள்ளையைச் சீலையால் மூடியிருந்தது.

சித்தப்பாவை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு போத்தலின் மூடியை மெழுகு உருக்கி ஒட்டுவார்.

* * *

திரும்ப வல்கூர்.

ஆர்மோன் விடவில்லை. பனியில் வண்டி புதையாமல் இருக்கப் பாரத்தைப் பரவலாக்கவேண்டும். அதற்குப் பட்டி வேண்டும். அந்தப் பட்டியைச் சுழற்றுகிற பற்சில்லை றப்பரால் போர்த்தினார், பட்டியையும் பலப்படுத்திய றப்பரால் செய்தார். 1937 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பற்சில்லுத்தான் அவருடைய எல்லாவற்றுக்கும் அத்திவாரம். ஏழு பேர் ஏறுகிற பி7, பிறகு பன்னிரண்டு பேர் ஏறுகிற பி12. 1942 இல் கம்பனி பதிந்தார். வட்ட யன்னல் வைத்த அந்த மரவண்டிகள் வைத்தியரையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், தபாலையும், நோயாளிகளையும் பனிக்கு மேலால் கொண்டுபோயின. அருங்காட்சியகத்தில் ஒரு பி12 க்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்.

பிறகு 1948 இல் கியூபெக் அரசு கிராமத்து வீதிகளையும் மாரி முழுவதும் பனி அகற்றித் திறந்து வைக்கத் தீர்மானித்தது. நல்ல செய்திதானே? ஆர்மோனுக்கு இடி. றோட்டுத் திறந்தால் பனிவண்டி யாருக்கு வேண்டும்? விற்பனை சடுதியாக விழுந்தது. அவர் காட்டுக்கும் சதுப்புக்கும் போகிற இழுவை வண்டிகளுக்கு மாறினார். 1959 இல், எஞ்சின்கள் சின்னதாகி இலேசானதும், ஒருவர் இருவர் ஏறுகிற ஸ்கி-டூவை வெளியிட்டார். மிஷனரிமாருக்கும் வேட்டைக்காரருக்கும் உதவும் என்றுதான் செய்தார். சனமோ அதை விளையாடுவதற்கு வாங்கினது! உயிர்காக்க நினைத்துத் தொடங்கின வண்டி விளையாட்டுச் சாமானாகிப் பெரும் பணம் கொண்டுவந்தது. ஆர்மோன் 1964 இல், 56 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

அதற்குப் பிறகு மருமகன் கையில் கம்பனி வளர்ந்தது. 1970 இல் ஸ்கி-டூவுக்கு எஞ்சின் செய்த ஒஸ்ரியாவின் ரொட்டாக்ஸையே வாங்கினார்கள். 1973 இல் கான்-ஆம் என்ற பெயரில் இரண்டு சில்லு மோட்டார் சைக்கிள் வந்தது. உலகச் சம்பியனாக இருந்த ஜெவ் ஸ்மித்தைக் கூப்பிட்டு அதைச் செப்பனிட்டார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் 250 சி.சி. மோட்டோகுறொஸ் போட்டித் தொடரில் முதல் மூன்று இடமும் கான்-ஆமுக்கு. ஆனாலும் ஜப்பான்காரருடன் நின்றுபிடிக்க முடியவில்லை. 1983 இல் உற்பத்தியை இங்கிலாந்துக் கம்பனியொன்றிடம் கொடுத்தார்கள். 1987 இல் அதுவும் நின்றது.

1973 இல் எண்ணெய் விலை ஏறிப் பனிவண்டி வியாபாரம் சரிந்தபோது 1974 இல் இவர்கள் பிடித்த வேறொரு வேலை, மொன்றியல் மெற்றோவுக்கு 423 பெட்டி செய்வது. நான் 1994 ஜனவரியில் மிராபெலில் வந்திறங்கி, கோட்-டே-நேஜில் ஒரு நிலக்கீழ் அறையில் ஆறு பேரோடு இருந்து, விடியப்புறம் வேலைக்குப் போனது அந்த நீலப் பெட்டிகளில்தான். (கோட்-டே-நேஜ் என்றால் பனிச்சரிவு என்று அர்த்தம். அது தெரிந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.) அப்போது எனக்கு பொம்பார்டியே என்பது பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெயர் மட்டும்தான்.

2003 இல் பனிவண்டிப் பிரிவு தனிக் கம்பனியாகப் பிரிந்தது. அதுதான் பி.ஆர்.பி. 2007 பெப்ரவரியில் அவர்கள் ஸ்பைடரைக் காட்டினார்கள். 998 சி.சி., வி வடிவில் இரண்டு சிலிண்டர், 106 குதிரைவலு. அந்த எஞ்சினின் பூர்வீகம், இத்தாலியின் அப்ரிலியா பந்தய பைக்குக்கு ரொட்டாக்ஸ் செய்து கொடுத்தது. ஓட்டோவைத் திருப்பினது என்று நண்பர் சொன்ன சாமானுக்குள் பந்தயக் குதிரையின் இதயம்!

ஆனால் அந்த இதயத்தால் ஒரு சங்கடம். பந்தய எஞ்சின் சுற்று ஏற ஏறத்தான் வலுத் தரும். கிழவனும் கிழவியும் பெட்டிகளோடு மலையேறும்போது தேவை வேறு; குறைந்த சுற்றில் தள்ளுகிற முறுக்கு விசை. ஸ்போர்ட்-ரூரிங் வகைக்கு 100 குதிரைவலுவாகக் குறைத்துப் பார்த்தார்கள். பிறகு 2014 ஆம் ஆண்டு மொடலில், தூரப்பயண வகைக்கு முழுப் புது எஞ்சின். 1330 சி.சி., ஒரே வரிசையில் மூன்று சிலிண்டர், ஆறு கியர். குதிரைவலு 115 தான், பழையதைவிடப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 130 நியூட்டன்-மீற்றர் முறுக்கு விசை நிமிடத்துக்கு 5000 சுற்றிலேயே வந்துவிடும். வலு எவ்வளவு என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். இது எஞ்சினுக்கு மட்டும் பொருந்துகிற விசயமில்லை.

2024 இல் திரும்பவும் இரண்டு சில்லு கான்-ஆம் வந்திருக்கிறது, மின்சாரத்தில். 37 வருட இடைவெளி.

* * *

ஆரம்பத்தில் எனக்கு இந்த வண்டிகளைக் கண்டால் எரிச்சல் வரும். உண்மையைச் சொல்கிறேன். டிசம்பரில் இருந்து மார்ச் வரை நிலக்கீழ் தரிப்பிடத்தில் துணி போர்த்துப் படுக்கும். பனியில் பிறந்த வம்சம், பனியைக் கண்டால் வெளியில் வராது! ஒரு நல்ல காரின் விலைக்கு வெயிலில் ஓடித் திரிய ஒரு சாமான். நாலு சொட்டுப் பெற்றோலுக்கு மை நிரப்பி தேடினவனுக்கு அதைப் பார்க்க என்ன வரும்?

வல்கூருக்குப் போய் வந்த பிறகு அந்த எரிச்சல் குறைந்துவிட்டது. 1948 ஐப் பற்றி யோசித்தேன். றோட்டு மூடியிருக்கும் வரை வண்டி உயிர் காக்கிற சாமான். திறந்தால் அது விளையாட்டுச் சாமான். ஆகவே ஒரு நாட்டில் கிழவனும் கிழவியும் வேலையில்லாமல் வண்டி ஓடித் திரிகிறார்கள் என்றால் அங்கே றோட்டுத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தை யாரோ வேறொருவர் பொறுப்பெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பொம்பார்டியேயையும் எங்கட ஒழுங்கை மேசன் அண்ணையையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். இரண்டு பேரும் பிள்ளையை இழந்த தகப்பன்மார். ஆனால் ஒருவருடைய றோட்டைப் பனி மூடினது. பனியை ஒருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. அதை வெல்ல அவருக்கு ஒரு கராஜும், மின்சாரமும், காப்புரிமை தர ஒரு அரசும் இருந்தன. மற்றவருடைய றோட்டை மனிதர் மூடினார்கள், பட்டியல் போட்டு, வாசித்துப் பார்த்து. அதற்கு எதிராக ஒரு பற்சில்லைக் கண்டுபிடிக்க முடியாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'விடாமுயற்சி இருந்தால் எல்லாம் வெல்லலாம்' என்று முடிப்பவர்களோடு எனக்குச் சண்டை.

2002 இல் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் திரும்ப மூடினது. 2009 க்குப் பிறகு திறந்தது திறந்தபடி இருக்கிறது. 2019 இல் ஊருக்குப் போனபோது பெடியள் பல்சரில் கடற்கரை றோட்டில் மேலும் கீழும் ஓடித் திரிந்தார்கள், ஒரு காரணமும் இல்லாமல். பெரிசுகள் திட்டினார்கள். நான் மதகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது.

சித்தப்பாவுக்கு இப்ப எண்பது தாண்டிவிட்டது. ஹொண்டா 90 இன்னும் கொட்டிலுக்குள் நிற்கிறது. 2022 இல் இலங்கையில் பெற்றோலுக்கு வரிசை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்ட நேரத்தில் தொலைபேசியில் எடுத்தேன். "கஷ்டமோ சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கென்ன தம்பி கஷ்டம். ஆர் இப்ப ஓடுறது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எண்டாலும் அந்தப் போத்தலிலை கொஞ்சம் விட்டு வைச்சிருக்கிறன். மூடியை வடிவா ஒட்டிப்போட்டன்."

ஜோன் தலோனில் விளக்குப் பச்சையானது. கிழவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மனைவி சரியாக இருக்கிறாவா என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்து, மெதுவாக எடுத்துக்கொண்டு போனார். நண்பர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்: "மழை வந்தா நனைவினம். ஓட்டோ எண்டால் கூரையாவது இருக்கும்."